தாய்வீட்டு முகவரி

எங்கள் படிவத்தில் முகவரிக்கு இரண்டு இடம் உண்டு. கணினியில் ஒன்றுதான்.

படிவத்தை ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையால் நிரப்புவார். குறையோடு பிறந்த பிள்ளையின் பெயர், பெயர் வைக்குமுன்பே போய்விட்டிருந்தால் அம்மாவின் பெயர், என்ன குறை, எத்தனையாவது பிரசவம், இப்போதைய முகவரி, நிரந்தர முகவரி. அது தம்பானூருக்குப் பின்னால் ஒரு மாடியில் இருக்கும் எங்கள் பதிவகத்துக்கு வரும். நான் அதைக் கணினியில் ஏற்றுவேன். திரையில் முகவரிக்கென்று ஒரே ஒரு கட்டம். இரண்டில் எதை ஏற்றுவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், வேலையில் சேர்ந்த புதிதில், நானாகவே ஒரு முடிவெடுத்தேன்.

பதிவகத்துக்கு இரண்டு வேலைகள். எந்த ஊரில் எந்தக் குறை எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது ஒன்று. அது டாக்டர் பத்மஜாவின் வேலை. அந்தக் குடும்பங்களுக்கு அறுவை சிகிச்சைத் தேதி, கால் பட்டை, உதவித் திட்டம் என்று கடிதம் போட்டு, போன் செய்து, பிள்ளையை வரவழைப்பது இன்னொன்று. அது என்னுடையது. நான் சேர்ந்தபோது நூறு கடிதம் போட்டால் நாற்பது திரும்பி வரும். ஏன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. செங்கோட்டை, கடையநல்லூர், நாகர்கோவில் பக்கத்துப் பெண்கள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போகிறார்கள். பிள்ளை சுகமாகப் பிறந்தால் மூன்று மாதத்தில் புருஷன் வீட்டுக்குத் திரும்புவார்கள். முதுகுத்தண்டு மூடாமல் ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் மூன்று மாதம் ஐந்தாகும், ஐந்து ஒரு வருஷமாகும். சிலரைக் கூட்டிப் போக யாருமே வருவதில்லை. படிவத்தில் இப்போதைய முகவரி என்று இருக்கும் வீட்டில் அந்தப் பெண்ணும் இல்லை, பிள்ளையும் இல்லை.

ஆகவே நான் நிரந்தர முகவரி என்று இருந்த தாய்வீட்டு முகவரியை ஏற்றினேன். அடுத்த வருஷம் நூறுக்கு ஐந்து கடிதம்தான் திரும்பியது. எப்படி என்று டாக்டர் கேட்டார். "பொண்ணு எங்க இருப்பாளோ அங்க அனுப்பினேன் மேடம்" என்றேன். அவர் சிரித்தார். இந்த வாழ்க்கையில் நீ உருப்படியாகச் செய்தது என்ன என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், யோசிக்காமல் இதைச் சொல்லியிருப்பேன்.

வியாழக்கிழமை மத்தியானம் முத்தாரம்மாளுக்குப் போன் செய்தேன். புளியங்குடிக்காரி. அவள் மகள் சுடலைமாடத்தியின் பிள்ளைக்கு ஒன்றரை வயது. முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து, இரண்டாம் பரிசோதனைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள்.

"வந்துருதேன்மா. பத்தாம் தேதிதான? விடியக்காலம் பஸ்ஸ பிடிச்சிருவேன்" என்றாள். பிறகு, நான் கேட்காமலே, "அவன் வந்து நிக்கான்மா, எம் மருமவன். லயத்துக்குக் கூட்டிட்டுப் போவேங்கான். நா அனுப்பமாட்டேன்னுட்டேன். அந்த லயமே ஆவாது. பக்கத்து வீட்டுக்காரிக்கும் இதே கதிதான். அவ பிள்ள பொறந்து ஒரு மணி நேரங்கூட இல்ல" என்றாள்.

எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளைச் சொல்கிறாள். "எந்த லயம்?"

"நெல்லித்தேரி எஸ்டேட்டும்மா. நாலாம் லயம். வித்துரா தாண்டி மேல போவணும்."

நான் பேனாவை மேசையில் வைத்தேன் என்பது நினைவிருக்கிறது. அதை ஏன் அத்தனை கவனமாக வைத்தேன் என்று தெரியவில்லை.

"பக்கத்து வீட்டுக்காரி எந்த ஊரு?"

"சங்கரன்கோயிலு பக்கம். அவொ இப்ப அங்கதான் கெடக்கா."

சங்கரன்கோவில் என்று கணினியில் தேடினேன். இருந்தாள். மண்டையோடு மூடாத பெண் குழந்தை, பிறந்த அன்றே மரணம். நான் ஏற்றிய பதிவுதான். முகவரி சங்கரன்கோவில். டாக்டரின் வரைபடத்தில் அங்கே ஒற்றைப் புள்ளி.

பழைய படிவங்கள் உள்ளறை பீரோவில் வருஷவாரியாகக் கட்டி இருந்தன. மூன்று வருஷத்துக் கட்டுகளை இறக்கி, தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் நான் ஏற்றாமல் விட்ட அந்த இன்னொரு முகவரியைப் படித்தேன். ஐந்து மணிக்கு என் மடியில் ஏழு படிவங்கள் இருந்தன. திரையில் அவர்கள் புளியங்குடி, சங்கரன்கோவில், செங்கோட்டை, கடையநல்லூர், ஆரல்வாய்மொழி, பாலோடு, நாகர்கோவில். தாளில் ஏழு பேருக்கும் நெல்லித்தேரி. ஏழும் ஒரே வகைக் குறை, முதுகோ மண்டையோ மூடாமல் போனது. ஆயிரம் பிரசவத்துக்கு இரண்டோ மூன்றோ வரும் என்று டாக்டர் சொல்வார். எண்பது வீடு உள்ள எஸ்டேட்டில் மூன்று வருஷத்தில் எத்தனை பிரசவம் நடந்திருக்கும்? ஐம்பது? நான் அவர்களை ஒருத்திக்கு ஒருத்தி தெரியாத தூரத்தில் கொண்டுபோய் வைத்திருந்தேன்.

என் மகள் அஸ்வதி ஆறு மாதமாக நெல்லித்தேரியில் இருக்கிறாள். மாப்பிள்ளை ஸ்ரீகுமாருக்கு எஸ்டேட் ஆபீசில் கணக்கு வேலை. லயத்துக்கு மேலே இருபதடி தள்ளி ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ். போன மாதம் போன் செய்து, "அம்மா, பாட்டியாகப் போற, கேட்டியா" என்றாள். இப்போது ஒன்பது வாரம்.

வெள்ளிக்கிழமை கூட்டம். வருஷ அறிக்கைக்காக மேலிடத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். டாக்டர் பத்மஜா சுவரில் வரைபடத்தைக் காட்டி, எந்த இடத்திலும் இந்த வகைக் குறைகள் கூட்டமாக இல்லை, சிதறித்தான் இருக்கின்றன என்றார். அப்படி உறுதியாகச் சொல்ல முடிவது நம் முகவரிகள் சரியாக இருப்பதால்தான் என்று சொல்லிவிட்டு, பின்வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பதிலுக்குப் புன்னகை செய்தேன். புன்னகை செய்தேன் என்பதை இப்போதும் என்னால் ஒதுக்கிவைக்க முடியவில்லை. 'சிதறல்' என்று நோட்டில் எழுதினேன்.

அப்போதே எழுந்து சொல்லியிருக்கலாம். முகவரியை மாற்றியது யார் என்று முதலில் கேட்பார்கள், அதற்காகப் பயந்தேனா? அதுவும் உண்டு. ஆனால் அதற்கும் அடியில் வேறொன்று இருந்தது. சொன்னால் எஸ்டேட்டுக்குப் போன் போகும், ஜீப் போகும், ஆள் கூடும். அஸ்வதிக்கு யாரோ சொல்லித் தெரியும். முதலில் அவளை இறக்கிக் கொண்டுவந்துவிடலாம், திங்கட்கிழமை காலையில் டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். மூன்று நாளில் என்ன ஆகிவிடும்? மூன்று நாளில் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். குழந்தையின் முதுகுத்தண்டு மூடுவது கரு உண்டான நாலாவது வாரத்தில், சில நாட்களுக்குள். அம்மாவுக்கு நாள் தள்ளிப்போனது உறுதியாகுமுன்பே அந்தக் காரியம் முடிந்துவிடும். இதைப் போனில் எத்தனையோ பேருக்கு நான் விளக்கியிருக்கிறேன்.

சனிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் குற்றாலலிங்கத்திடம், அஸ்வதியைக் கூட்டி வரப் போகிறேன் என்றேன்.

"இப்பமா? என்னத்துக்குட்டீ? ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டுல்லா கூட்டிட்டு வரணும். ஒம்பது வாரத்துல போய்க் கூப்பிட்டா மாப்பிள வீட்ல என்ன நெனப்பாவ?"

"உங்களுக்கு நெஞ்சு படபடன்னு வருதுன்னு சொல்லப்போறேன்."

"எனக்கா? நான் இப்பம் ஏழு தோசை தின்னுருக்கேன்."

"படபடப்புக்காரங்க தோசை திங்கக்கூடாதுன்னு இருக்கா?"

அவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். "என்ன விசயம்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். முப்பது வருஷமாக அவர் என்னிடம் இரண்டாம் தடவை கேட்டதில்லை. அது அவருடைய நல்ல குணம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வித்துராவுக்குப் போகும் வழியெல்லாம் என் மனதை நான் பார்த்துக்கொண்டே போனேன். அஸ்வதிக்கு ஒன்பது வாரம் முடியப் போகிறது. மூடியிருந்தால் மூடியிருக்கும், இல்லையென்றால் இல்லை. நான் இன்று அவளைக் கீழே கொண்டுவருவதால் அதில் ஒரு மாற்றமும் வராது. தெரிந்தே போகிறேன். அப்படியானால் எதற்காகப் போகிறேன்? பதில் நெடுமங்காடு தாண்டும்போதுதான் வந்தது. அவளை என் வீட்டுக்குக் கொண்டுவந்து, கரமனைத் தெருவில், என் கட்டிலில் படுக்க வைத்துவிட்டால், அவள் நெல்லித்தேரிக்காரி இல்லை. எட்டாவது ஆள் இல்லை. ஏழு பேருக்கு நான் முகவரியை மாற்றியது போல இவளுக்கும் மாற்றிவிடலாம் என்றுதான் எனக்குள் ஏதோ ஒன்று நம்பிக்கொண்டிருந்தது.

வித்துரா சந்தையில் ஒரு ஜீப்பை அமர்த்தினேன். போய் ஒருத்தியை ஏற்றிக்கொண்டு உடனே திரும்ப வேண்டும் என்று டிரைவரிடம் சொன்னேன். அவன் பெயர் லிபின். "ஒராளுக்கு ஜீப்போ சேச்சி?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.

அஸ்வதி வளைவில் வந்து நின்றிருந்தாள். முகம் தெளிவாக, கொஞ்சம் சதை போட்டு இருந்தாள். "வாந்தி எடுக்குறது நானு, முகம் பச்சையா இருக்குறது உனக்கா?" என்று என் கையைப் பிடித்தாள். "அப்பாவுக்கு எப்படி இருக்கு?"

"பரவாயில்ல. உன்னப் பார்க்கணும்ங்காரு. மாப்பிள எங்க?"

"ஃபேக்டரியில ஸ்டாக் எடுக்குறாங்க, மத்தியானம் ஆகும். துணி எடுத்து வச்சிருக்கேன். ரெண்டு நாளைக்குத்தான, அம்மா?"

நான் முன்னால் நடந்தேன். குவார்ட்டர்ஸுக்குப் போக நாலாம் லயத்தின் முன்னால்தான் நடக்க வேண்டும். நீளமாக ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் பத்து வீடுகள். மேலே எங்கிருந்தோ ஒரு கறுப்புக் குழாய் சரிவில் இறங்கி, நீலப் பீப்பாயில் சொட்டிக்கொண்டிருந்தது. காற்றில் செடிக்கு அடித்த மருந்து வாடை இருந்தது, அல்லது நான் எதிர்பார்த்ததால் இருந்தது. "பைய நட, வழுக்கும்" என்று அஸ்வதியிடம் சொன்னேன்.

ஒரு வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்தாள். "இந்தச் சத்தம் எனக்குத் தெரியுமே" என்றாள். எழுந்து கிட்டே வந்தாள். அவள் இடுப்பில் இரண்டு வயதுப் பையன், இரண்டு காலிலும் பட்டை. "போன்ல பேசுற மேடமா நீங்க? சிவகாமி மேடம்?"

நான் ஆமாம் என்றேன்.

"பார்வதியம்மா, மேடம். செங்கோட்டை! மாசாமாசம் நீங்கதான கூப்பிடுவீங்க. இவனுக்குப் பட்டை வாங்கித் தந்தது நீங்கதானே." அவள் உள்ளே பார்த்துக் கத்தினாள். "எட்டீ, இங்க வாங்க, நம்ம மேடம் வந்திருக்காங்க! அய்யோ, அஸ்வதியோட அம்மாவா நீங்க? இவ சொல்லவே இல்லையே!"

"எனக்கே தெரியாதே. அம்மா வீட்ல வேலையப் பத்திப் பேசுறதே இல்ல" என்றாள் அஸ்வதி. என்னைப் பெருமையோடு பார்த்தாள்.

பெண்கள் வந்துவிட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. ஜீப்பில் லிபின் ஒருமுறை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தான். உட்கார நேரமில்லை என்றேன். கேட்கவில்லை. "பாலில்லாட்டியும் ஒரு கட்டஞ்சாயா குடிக்காம போறதாவது?" என்றாள் பார்வதியம்மாள். "செண்பகவல்லி! சாயா போடு!"

சாயா கொண்டுவந்தவளுக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு இருக்கும். கழுத்தில் தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் மங்கவில்லை. தட்டில் ஐந்து கிளாஸ் சாயா, நீலப் பீப்பாயின் தண்ணீரில் போட்டது.

"மேடம், இவகிட்ட கேளுங்க" என்றாள் ஒருத்தி. "நம்ம அழகியநம்பி பொண்டாட்டி. கல்யாணமாகி ரெண்டு மாசந்தான் ஆவுது, அதுக்குள்ள."

"சும்மா இருங்கக்கா."

"என்ன சும்மா? எத்தனை நாளு தள்ளிருக்குன்னு சொல்லுட்டீ, மேடத்துக்கு எல்லாம் தெரியும்."

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "குளிச்சு இன்னைக்கு முப்பத்தஞ்சு நாள் மேடம்" என்றாள்.

நான் நினைத்துக் கணக்குப் போடவில்லை. ஒன்பது வருஷப் பழக்கம், கணக்கு தானாக வந்து நின்றது. முப்பத்தைந்து. கரு உண்டாகி மூன்று வாரம் முடிந்து நாலாவது தொடங்குகிறது; இவள் வயிற்றில் அந்த மூடல் இந்த வாரம் நடக்கிறது. நான் தரையில் உட்கார்ந்து ஏழு படிவங்களை மடியில் வைத்திருந்த அன்றைக்கு இவளுக்கு முப்பத்திரண்டு. வெள்ளிக்கிழமை நான் சிரித்தபோது முப்பத்துமூன்று.

அஸ்வதி கிளாஸை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். சூடான சாயா எங்கள் இருவர் கையிலும் சிந்தியது.

"குடிக்காத."

"என்னம்மா? கையச் சுட்டுட்ட."

செண்பகவல்லியின் முகம் சுருங்கிவிட்டது. லயத்து வீட்டுச் சாயா என்பதால் வேண்டாம் என்கிறேன் என்று நினைத்திருப்பாள். அப்படி நினைத்துக்கொள்ளட்டும், மகளைக் கூட்டிக்கொண்டு ஜீப் ஏறிவிடு என்று எனக்குள் ஒரு குரல் மிகத் தெளிவாகச் சொன்னது. அது என் குரல்தான். போனில் இவர்களோடு பேசுகிற அதே நிதானமான குரல்.

"பார்வதி," என்றேன். "உனக்குப் பிள்ளை உண்டானப்போ எங்க இருந்த? முதல் மூணு மாசம்?"

"இங்கதான் மேடம். ஏழாம் மாசம்தான் செங்கோட்டைக்குப் போனேன்."

"சுடலைமாடத்தி எந்த வீடு?"

"அந்தக் கடைசி வீடு. பிரசவத்துக்குப் போனவ வரவே இல்ல. பிள்ளைக்குச் சுகமில்லைன்னாங்க."

"அவ பக்கத்து வீடு?"

"அவளுக்குப் பிள்ளை தங்கலைன்னு சொன்னாங்க. ஏன் மேடம்?"

சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். இங்கே இருந்து போன ஏழு பேருக்கு ஒரே மாதிரி ஆகியிருக்கிறது. தண்ணீரா, செடிக்கு அடிக்கிற மருந்தா, சாப்பாட்டில் ஏதாவதா, எனக்குத் தெரியாது. ஒன்றுமே இல்லாமல் தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் நான் அப்படி நினைக்கவில்லை. ஏழு பேரும் ஏழு ஊருக்குப் போய்விட்டதால் இத்தனை நாள் தெரியவில்லை. எங்கள் ஆபீசில் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் போனது என்னால்.

பார்வதியம்மாள் பையனை மறு இடுப்புக்கு மாற்றினாள். "அப்போ," என்றாள், "நான் கிரகணத்தன்னைக்கு வெளிய வந்ததால இல்லையா?"

"இல்ல. அதனால இல்ல."

"எங்க அத்தை சொல்லிச்சு. நான் துணி எடுக்க வந்தேன், அதாலதான்னு. ரெண்டு வருசமா சொல்லுது." அவள் அழவில்லை. பையனின் கால் பட்டையைப் பிடித்துக்கொண்டு, "நானும் அதைத்தான் நம்பிட்டுக் கெடந்தேன்" என்றாள்.

பின்னால் நின்ற ஒருத்தி, தன்னுடையது ஐந்தாம் மாதத்தில் ஸ்கேன் பார்த்துக் கலைத்தது, அதுவும் இப்படித்தான் என்று டாக்டர் சொன்னார் என்றாள். அவள் பெயர் என் படிவத்தில் கிடையாது. இன்னொருத்தி தன் அக்காவின் பெயரைச் சொன்னாள். அதுவும் கிடையாது. ஏழு என்பது ஏழு இல்லை என்று எனக்குப் புரிய ஆரம்பித்தது.

அஸ்வதி கை நனைந்தபடியே நின்றிருந்தாள். "எப்பம் தெரியும் உனக்கு?" என்றாள்.

"வியாழக்கிழமை."

"இன்னைக்கு ஞாயிறு."

"ஆமா."

"அப்பாவுக்கு ஒண்ணும் இல்லை, இல்ல?"

"இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். நான் பயந்தது போல அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உன் டாக்டருக்குத் தெரியுமா?" என்றாள். இல்லை என்றேன். என் பையிலிருந்து போனை அவளே எடுத்துக் கொடுத்தாள். "பீப்பாய்க்குப் பக்கத்துல போ. அங்கதான் ரேஞ்ச் கிடைக்கும்."

டாக்டர் பத்மஜா மூன்றாவது மணியில் எடுத்தார். நான் முகவரியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை எனக்குத் தெரிந்திருந்தது என்பதையும் சொன்னேன்.

"வெள்ளியாழ்ச்ச நான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டு" என்றார். பிறகு வேறொரு குரலில், "அதைப் பின்னெ பேசலாம். இப்போ கர்ப்பிணிகள் எத்தனை பேர் அங்க? வர முடியறவங்களை இன்னைக்கே இறக்கிக் கொண்டு வா. ஸ்கேனுக்கு நான் ஏற்பாடு செய்யறேன். போலிக் ஆசிட் மாத்திரை இன்னைக்கே தொடங்கணும். அந்தக் குழாய் வெள்ளம் யாரும் குடிக்கண்டா. சிவகாமி, நீ நேரா என்கிட்ட வரணும். கேட்டோ? நீதான் வரணும். படிவம் ஏழும் எடுத்துட்டு."

திரும்பி வந்தபோது அஸ்வதி ஆட்களை எண்ணி முடித்திருந்தாள். நாலாம் லயத்தில் இரண்டு பேர், மற்ற லயங்களில் நான்கு பேர். ஆள் அனுப்பியிருந்தாள். ஒருத்தி முகத்தைக்கூடக் கழுவாமல், ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி ஓடி வந்தாள். ஒருத்தியின் மாமியார் கூடவே வந்து, "இவ எங்கயும் வரமாட்டா, எங்க வீட்ல அப்படியெல்லாம் ஆவாது" என்று சண்டைக்கு நின்றாள். பார்வதியம்மாள் அவளை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு போய் ஏதோ சொன்னாள். கிழவி திரும்பி வரவில்லை.

"ஜீப்ல எத்தனை பேரு ஏறலாம்?" என்று அஸ்வதி லிபினைக் கேட்டாள்.

"ஆறு. வயத்துல பிள்ளையுள்ளவரானா அஞ்சு. ரோடு மோசமாணு."

அவள் விரல்விட்டுப் பார்த்தாள். நான் அவள் என்ன செய்யப் போகிறாள் என்று தெரிந்து, "முடியாது" என்றேன்.

"நீ போய்த்தான் ஆகணும், டாக்டர் உன்னைத்தான் வரச் சொல்லியிருக்காங்க. உன்கூட நாலு பேரு. செண்பகவல்லி முதல்ல. நானும், மூணாம் லயத்து அக்காவும், ஆறு மாசக்காரியும் அடுத்த நடையில வாரோம். வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு."

"நீ ஏறு. நான் இங்க நிக்கிறேன். டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"எனக்கு ஒம்பது வாரம், அம்மா." அவள் எல்லோருக்கும் கேட்காத குரலில் சொன்னாள். "நான் இப்ப ஏறினா என்ன, சாயங்காலம் ஏறினா என்ன? சொல்லேன். உனக்குத் தெரியுமே."

அவளை அணைத்துக்கொள்ளக் கை நீட்டினேன். அவள் என் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள், வித்துராவிலிருந்து நான் வாங்கி வந்தது. "வழியில அவங்களுக்குக் கொடு" என்றாள்.

ஜீப் கிளம்பியது. நான் முன்னால் லிபின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், பின்னால் நான்கு பேர். செண்பகவல்லி கதவோரமாக இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்திருந்தாள். முதல் வளைவில் திரும்பிப் பார்த்தேன். அஸ்வதி பார்வதியம்மாளின் பையனை இடுப்பில் வாங்கி வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் வளைவில் மூடுபனி இறங்கிவிட்டது. கூரைதான் தெரிந்தது.

"மேடம்," என்றாள் செண்பகவல்லி. "இன்னும் நேரம் இருக்கா?"

"இருக்கலாம்" என்றேன். "எனக்குத் தெரியல."

கண்ணாடியில் முதல் துளிகள் விழுந்தன. லிபின் குனிந்து மேலே பார்த்து, "ஈ மழையில் ரெண்டாமது நடை மேலே ஏற முடியுமோ என்னு அறியில்ல சேச்சி" என்றான். வண்டியைத் திருப்பு என்று சொல்ல என் வாய் திறந்தது. பின்னால் நான்கு பேரும் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது திரும்பாமலே எனக்குத் தெரிந்தது.

"போ" என்றேன். "வேகமாப் போ."